உயிர் பிழைத்த பிள்ளை ஏன் எழுந்து நடக்கவில்லை?

குழந்தை நரம்பியல்: கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வேதனையைச் சொல்கின்றன. கடும் காய்ச்சலில் விழுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிள்ளைகள். ஆனால் கை கால் இன்னும் வசப்படவில்லை. வலிப்பு பற்றியும் படிப்புக் குறைபாடு பற்றியும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். இந்த இதழ் முழுவதும் இந்தப் பிள்ளைகளுக்கு.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. டெங்குக் காய்ச்சல் முற்றி, நுரையீரலில் கிருமித் தொற்றும் சேர்ந்து, மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தான். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பேசுகிறான், சிரிக்கிறான், டிவி பார்க்கிறான். நிற்க வைத்தால் மட்டும் துவண்டு விழுகிறான். தண்ணீர் டம்ளரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பொதுவான பலவீனம், சத்தான உணவு கொடுக்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், இது வெறும் சோம்பல்' என்கிறார் என் மாமனார். இது என்ன நோய்? என் பிள்ளை இனி நடப்பானா?
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: அம்மா, முதலில் இந்தப் பக்கத்தை உங்கள் மாமனாரிடம் படிக்கக் கொடுங்கள். பேரனுக்குச் சோம்பல் இல்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அடையாளமும் நரம்பிலும் தசையிலும் ஏற்பட்ட சேதத்தையே காட்டுகிறது. முகம் தெளிவாக இருக்கிறது, பேச்சு சரியாக இருக்கிறது, தளர்ச்சி இரண்டு பக்கமும் இருக்கிறது, கையைவிடக் காலில் அதிகம்.

மருத்துவர்கள் இதைக் 'கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிநியூரோபதி' என்பார்கள். கடும் நோய்க் காலத்தில் வரும் நரம்புச் சேதம். தசை கெட்டிருந்தால் 'மயோபதி'. பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். 1984-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், சார்லஸ் போல்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கடும் நோயிலிருந்து தேறியும் அவர்களை வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முடியவில்லை. ஏன் என்று தேடிப் போனபோதுதான் கை, கால், மூச்சுவிட உதவும் உதரவிதானம் எல்லாவற்றுக்கும் போகும் நரம்பு இழைகள் சிதைந்திருப்பது தெரியவந்தது. பிள்ளைகளுக்கும் இது வரும் என்பது பிறகு நிறுவப்பட்டது. டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 830 பிள்ளைகளைக் கவனித்ததில் 14 பேருக்கு உடல் முழுதும் தசைத் தளர்ச்சி இருந்தது என்று 2003-ல் எழுதினார்கள். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அபூர்வம் என்பதால்தான் பலருக்கு இது மனதில் தோன்றுவதில்லை. சின்னப் பிள்ளைகளிடம் 'காலை மேலே தூக்கு, என் கையை எதிர்த்துத் தள்ளு' என்று சொல்லிச் சோதிப்பதும் கடினம். அப்படியும் தப்பிவிடுகிறது.

கிருமித் தொற்று உடம்பு முழுதும் பரவி ரத்த ஓட்டம் தடுமாறும்போது, நரம்புக்குப் பிராணவாயுவும் உணவும் கொண்டுபோகும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. காவிரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். நரம்பிலும் அதுவே நடக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து வெகுதூரம் ஓடும் நீளமான இழைகளின் நுனி முதலில் பட்டுப்போகிறது. பாதமும் கணுக்காலும் அதிகமாகத் தளர்வதற்குக் காரணம் இதுதான். தொடர்ந்து படுத்தே கிடப்பதில் தசையும் கரைந்துவிடுகிறது.

நடப்பானா என்று கேட்டீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் நடந்துவிடுகிறார்கள். தசைச் சேதம் மட்டும் என்றால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறுவார்கள். நரம்பிழை பட்டுப்போயிருந்தால் அது மறுபடி வளர வேண்டும். வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் வரை 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 300 நாள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கை கால் நீளம் குறைவு என்பது அவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு நன்மை. ஒரு சிலருக்குப் பாதம் தொங்குவது கொஞ்சம் நிலைத்துவிடுவதும் உண்டு. அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

அந்த 300 நாளும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகிப் போயிருந்தால், வந்த நரம்பால் பயனில்லை. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநார் சுருங்கிவிட்டால் பிள்ளை விரல் நுனியில்தான் நிற்பான். ஆகவே காலையும் மாலையும், பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கால் மடங்காமல், மெதுவாக மேல்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். இருபது, முப்பது எண்ணும் வரை. வலித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். தூங்கும்போது பாதம் நேராக நிற்க ஸ்ப்ளின்ட் என்ற தாங்குகட்டு வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துக் கொடுப்பார். முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். பாசத்தில் எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

உட்காரப் பழக்குங்கள். கட்டில் ஓரத்தில் கால் தொங்க, நீங்கள் எதிரே முக்காலியில். பிறகு சுவரில் முதுகு சாய்த்து நிற்பது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு அடி. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். ஐந்து, பத்து நிமிடமாக நாலைந்து முறை போதும். மறுநாள் காலையிலும் களைப்புத் தீராமல் இருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பல்லாங்குழியைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்துக் குழியில் போடும்போது, எந்தக் கருவியும் இல்லாமல், விரல்களின் சின்னத் தசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. தாத்தாவையே எதிரே உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நரம்பு கெட்ட பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. வெந்நீர்ப் பை, செங்கல் ஒத்தடம், சூடான மணல் மூட்டை எதுவும் வேண்டாம். அவன் 'சுடுகிறது' என்று சொல்வதற்குள் தோல் வெந்துவிடும். தினமும் உள்ளங்காலையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பாருங்கள், சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று.

அருகில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நரம்புக் கடத்தல் சோதனை செய்யச் சொல்லுங்கள். சின்னச் சின்ன மின்துடிப்புகள் கொடுத்து அளப்பார்கள். சுருக்கென்று இருக்கும், ஆபத்தில்லை. எவ்வளவு இழை போயிருக்கிறது, தசையா நரம்பா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். அதோடு, மருத்துவமனையில் நோயின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. 'பொதுவான பலவீனம்' என்று எழுதி அனுப்பப்படும் பிள்ளைக்குப் பிசியோதெரபியும் கிடைப்பதில்லை, மறுபரிசோதனைத் தேதியும் கிடைப்பதில்லை, வீட்டில் ஏச்சுதான் கிடைக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. உயிரைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்டவர்கள் இந்த ஒரு வரியைச் சரியாக எழுதினால் என்ன?

கேள்வி: மூளைக்காய்ச்சலில் தீவிர சிகிச்சை பெற்று வந்த என் பத்து வயது மகளுக்குக் கால் தளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் டாக்டர் வாரம் ஒரு முறை இடுப்பில் நரம்பு ஊசி போடுகிறார். மாத்திரையும் தினம் இரண்டு. ஊசி போட்டால் நரம்பு சீக்கிரம் வளரும் என்கிறார்களே, எத்தனை போட வேண்டும்?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: தேவை இருந்தாலொழிய ஒன்றுகூட வேண்டாம். 'நரம்பு ஊசி' என்று ஊரில் சொல்வது பி வைட்டமின்களின் கலவை. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்; சைவம் மட்டும் சாப்பிடுகிற, பாலும் குறைவாகக் குடிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு முறை அளவு பாருங்கள். அளவு சரியாக இருக்கும் பிள்ளைக்கு மேலும் மேலும் ஊற்றுவதால் நரம்பு வேகமாக வளராது.

கெடுதல் இரண்டு வழியில் வரலாம். இந்தக் கலவையில் இருக்கும் பி6 என்ற பைரிடாக்சின், அளவு மீறி மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால், அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். இரண்டாவது ஊசி இடம். உங்கள் மகள் இளைத்திருப்பாள். புட்டத்தில் சதை இல்லாத பிள்ளைக்கு அங்கே ஊசி போடும்போது, கீழே ஓடும் சயாட்டிக் என்ற பெரிய நரம்பில் பட்டுவிடும் அபாயம் அதிகம். நல்ல பாதத்தோடு உள்ளே போய், ஊசி போட்ட அன்றே பாதம் தொங்கியபடி வெளியே வந்த பிள்ளைகளுக்கு நான் வைத்தியம் செய்திருக்கிறேன். ஊசிக்குச் செலவழிக்கிற பணத்தைப் பிசியோதெரபிக்கு வையுங்கள்.

தனியாரிடம் போக வசதி இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 18 வயது வரை பார்ப்பார்கள். பள்ளியில் பெயர் இருக்கிற பிள்ளை என்றால் உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள், சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்களுக்கான பிசியோதெரபிஸ்ட் அங்கே வருவார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்து போன பத்தாம் நாள் கால் துவள ஆரம்பித்து, மூன்றே நாளில் கைக்கும் ஏறியது. கில்லன் பாரே என்று சொல்லி விலை உயர்ந்த மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள். அப்போது சுகாதாரத் துறையிலிருந்து வந்து இரண்டு முறை மலம் சேகரித்துக்கொண்டு போனார்கள். போலியோவா என்று பயந்துபோனோம், யாரும் விளக்கவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறான். ராத்திரியில் போர்வை காலில் பட்டாலே அலறுகிறான். அடம் என்று மாமியார் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: உங்களுக்குத் தோன்றியதுதான் சரி, தாயே. கில்லன் பாரே என்ற இந்த நரம்பு நோய் வந்த பிள்ளைகளுக்கு வலி மிகச் சாதாரணம். காலிலும் முதுகிலும் வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 'எரிகிறது, குத்துகிறது' என்று சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். காயம் பட்ட நரம்பு, சாதாரணத் தொடுதலையே வலியாக மூளைக்குச் சொல்கிறது. வழக்கமான காய்ச்சல், வலி மருந்துகள் இதற்கு அவ்வளவாக உதவாது. கேபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளை எடைக்கேற்ற அளவில் குழந்தை நரம்பியல் மருத்துவர் எழுதித் தருவார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். காலில் போர்வை படாமல் இருக்க, அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டிக் கால் மேல் கூடாரமாகக் கவிழ்த்துவிட்டு, அதன் மேல் போர்வையைப் போடுங்கள்.

மலம் சேகரித்ததைப் பற்றி. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கை கால் துவண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், காரணம் என்னவாக இருந்தாலும் சரி. தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மாதிரிகள் எடுத்துப் போலியோ கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் 'காட்டு' வகைப் போலியோ கடைசியாக 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இன்றும் ஒவ்வொரு பிள்ளையின் மாதிரியையும் சோதிப்பதால்தான் அந்தச் சான்றை நம்ப முடிகிறது. உங்கள் மகனிடம் எடுத்ததும் அந்தக் காவலின் ஒரு பகுதி. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை இரவு பயந்திருக்க மாட்டீர்கள்.

கில்லன் பாரேயும் நான் முதல் கடிதத்துக்கு விளக்கியதும் வேறு வேறு. உங்கள் மகனுக்குத் தளர்ச்சி முதலில் வந்தது, அதனால் மருத்துவமனைக்குப் போனீர்கள். ஒட்டன்சத்திரத்துப் பையனுக்கு வேறு நோய் முதலில் வந்தது, படுக்கையில் இருக்கும்போது தளர்ச்சி சேர்ந்தது. கில்லன் பாரேயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்கோ சளிக்காய்ச்சலுக்கோ பிறகு, நரம்பைத் தாக்குகிறது. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் இதிலிருந்து நன்றாகவே தேறுகிறார்கள்.

எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கடும் நோயால் வந்த நரம்புத் தளர்ச்சி, அந்த நோய் அடங்கிய பிறகு நாளுக்கு நாள் அதிகமாகாது. வீட்டுக்கு வந்த பிறகு தளர்ச்சி கூடினால், ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், விழுங்கும்போது புரையேறினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: டாக்டர் அம்மா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். போன வருடம் ஆஸ்துமா ரொம்ப அதிகமாகி இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்தேன். அதிலிருந்து தொடையில் பலமே இல்லை. தரையில் உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறேன். எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. படியில் விழுந்தபோது சில பேர் சிரித்தார்கள். சக்கர நாற்காலி தருகிறோம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அதில் உட்கார்ந்தால் கடைசி வரை அதிலேயே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்தால்தான் இப்படி ஆனது என்று கேள்விப்பட்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.
– ஒரு மாணவி (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள்)

பதில்: கண்ணம்மா, இதைப் படித்த உடனே போய் அம்மாவிடம் சொல். இன்று இரவே இன்ஹேலரைத் திரும்பத் தொடங்கு. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும்விட இது அவசரம்.

நீ கேள்விப்பட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூச்சு நின்றுபோகும் நிலையில் உனக்கு ரத்தத்தில் ஏற்றியது மிக அதிக அளவு ஸ்டீராய்டு. வென்டிலேட்டரோடு உடம்பு ஒத்துப்போக, தசைகளை அசையாமல் வைக்கும் மருந்தும் கொடுத்திருப்பார்கள். இரண்டும் சேரும்போது, இழுத்துச் சுருங்குவதற்கான புரதத்தைத் தசை இழந்துவிடுவது உண்டு. கடும் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணிடம் 1977-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த மருந்துகள் இல்லாவிட்டால் நீ இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். இன்ஹேலரில் இருப்பதோ மிகச் சிறிய அளவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. அது உன் தொடையைக் கெடுக்கவில்லை. மறுபடி வென்டிலேட்டருக்குப் போகாமல் உன்னைக் காப்பது அதுதான்.

தொடையில் கை ஊன்றி எழுவது இடுப்புத் தசையும் தொடைத் தசையும் இன்னும் தேறவில்லை என்பதன் அடையாளம். ஒரு வருடம் ஆகியும் அப்படி இருப்பதால், கட்டாயம் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேறு தசை நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். வீட்டில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து உட்கார். முடிந்தால் எட்டு, பத்து முறை. அது சுலபமானதும் கொஞ்சம் தாழ்வான நாற்காலி. பிறகு முக்காலி. இந்த வரிசையை அவசரப்பட்டுத் தாண்டாதே.

நாற்காலியைப் பற்றி. மைதானத்தைக் கடந்து போக, சுற்றுலாவுக்குப் போக, உடம்பு களைத்த நாளில் வீடு திரும்ப அதைப் பயன்படுத்து. வகுப்புக்குள், வீட்டுக்குள் நட. அந்த நாற்காலியால் நீ நடப்பதை மறந்துவிட மாட்டாய். மிச்சப்படும் பலத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவர் உழைப்பு. உனக்கு வந்திருப்பது அவருக்கு வந்ததைவிட மிகவும் இலேசானது, தேறக்கூடியது. ஆனாலும் நாற்காலியில் உட்கார வெட்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் அவரைப் பற்றிச் சொல்வேன்.

தலைமையாசிரியருக்கு ஒரு வேண்டுகோள், அவர் இதைப் படித்தால். நாற்காலி கொடுக்க முன்வந்தது பெரிய மனசு. அதைவிடச் செலவில்லாத உதவி ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஆட்டுக்கால் சூப், நண்டு ரசம் கொடுக்கிறேன். புறா ரத்தம் தேய்த்தால் வாதம் போகும் என்கிறார்களே, செய்யலாமா? எண்ணெய் தேய்த்து நீவலாமா?
– ஒரு பாட்டி, மானாமதுரை

பதில்: சூப் கொடுங்கள், வாய்க்கு ருசி, பிள்ளை விரும்பிக் குடிக்கும். ஆனால் அது மட்டும் தசையை வளர்க்காது. முட்டை, மீன், பால், சுண்டல், நிலக்கடலை தினமும் வேண்டும். கரைந்துபோன தசையைக் கட்ட அந்தப் புரதம்தான் ஆகும். புறா ரத்தம் வேண்டவே வேண்டாம், பாட்டி. எண்ணெயை மெதுவாகத் தேய்க்கலாம். பேத்திக்கு உங்கள் கை பட்டால் பயம் குறையும், தோலும் வறளாது. சூடு பண்ணாத எண்ணெய். சுளுக்கு எடுப்பதுபோல முறுக்கி இழுக்கக் கூடாது, துவண்ட மூட்டு நழுவிவிடும்.

கேள்வி: குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உயிரோடு அனுப்புகிறோம் என்ற நிறைவில் இருந்தேன். ஆறு மாதம் கழித்து எங்கள் வார்டுப் பிள்ளை ஒன்றை அப்பா தோளில் தூக்கி வந்தபோது மனம் உடைந்துவிட்டது. அங்கே இருக்கும்போதே நாங்கள் என்ன செய்திருக்கலாம்?
– ஒரு செவிலியர், திருச்சி

பதில்: தங்கையே, எனக்கு வந்த கடிதங்களில் இதைத்தான் அதிகமாகப் படித்தேன்.

தீவிர சிகிச்சை என்பதே தளர்ந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் உருவானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சு நின்றுகொண்டிருந்த விவி எபர்ட் என்ற 12 வயதுப் பெண்ணின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் செருகி, கையால் காற்றுப் பையை அழுத்தி உயிர் கொடுத்தார் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், முறை வைத்துக்கொண்டு, சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் நோயாளிகளுக்குப் பை அழுத்தினார்கள். இயந்திரம் பிறகு வந்தது. முதலில் இருந்தவை கைகள். உங்கள் வார்டிலும் பிள்ளையின் நரம்பைக் காப்பாற்றப் போவது பெரும்பாலும் கைகள்தான்.

முதலில் கண். மயக்க மருந்து குறைத்த பிறகு, நகத்தை அழுத்தினால் பிள்ளை முகம் சுளிக்கிறது, கண்ணீர் வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை. இந்த ஒன்றைக் கண்டால் 'இன்னும் மயக்கம் தெளியவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள். வென்டிலேட்டரை எடுக்க எடுக்கத் திரும்பத் திரும்பத் தோற்கும் பிள்ளைக்கும் இதை நினையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது புண் வராமல் இருக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில், எலும்புக்கு மேலே வெறும் தோலுக்கடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. கால் வெளிப்பக்கம் சாய்ந்து கட்டில் கம்பியில் அழுந்திக் கிடந்தால் அது நசுங்கிப் பாதம் தொங்கிப்போகும். நோய் செய்யாத சேதத்தைக் கட்டில் செய்துவிடும். சுருட்டிய துணியைத் தொடையின் வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்து, முழங்கால் மேல்நோக்கிப் பார்க்கும்படி வையுங்கள். முழங்கையின் உள்பக்கத்துக்கும் இதே கவனம். பாதத்துக்கு ஸ்ப்ளின்ட் இல்லை என்றால் மணல் பையோ, மடித்த போர்வையோ போதும், குதிகால் மட்டும் அழுந்தக் கூடாது.

மயக்க மருந்தும் தசைத் தளர்த்தி மருந்தும் இன்றைக்கும் தேவையா என்று காலை ரவுண்ட்ஸில் நீங்களே கேட்கலாம். சர்க்கரை அளவு ஏறிக் கிடக்க விடாதீர்கள். ரத்த அழுத்தம் நிலைப்பட்டதும், குழாய்கள் இருக்கும்போதே, ஒவ்வொரு மூட்டையும் மென்மையாக அசைக்கலாம். பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் காட்டிக்கொடுக்கட்டும். வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவை உள்ளே அழைத்து, கை கழுவச் சொல்லி, பிள்ளையின் காலை அவர் கையில் கொடுங்கள். பல மருத்துவமனைகளில் பெற்றோரை ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்று நான் எழுதாத இடமில்லை. வீட்டுக்குப் போனபின் அந்தத் தாய் செய்யப்போகும் வேலை அது. உங்கள் கண் முன்னால் பழகட்டும்.

பிள்ளை கிளம்பும் நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியில் தளர்ச்சி பற்றிய வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லை என்றால் இளநிலை மருத்துவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் பயிற்சி செய்கிறோம். ஆனால் மாற்றமே தெரியவில்லை. முன்னேறுகிறானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு பெற்றோர், பட்டுக்கோட்டை

பதில்: தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. எழுதி வையுங்கள். எதையும் பிடிக்காமல் எத்தனை விநாடி நின்றான், வாசல் படியில் எதைப் பிடித்து ஏறினான், சட்டைப் பொத்தானைத் தானே போட்டானா, இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்து தானே எழுந்தானா. கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கடினமானது. அது கடைசியில்தான் வரும், அதை முதலில் எதிர்பார்த்து மனம் தளராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து, தேதியோடு சேர்த்து வையுங்கள். மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அவன் எழுந்து நடக்க முயல்வதைச் செல்போனில் படம் எடுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தும் எதுவும் நகரவில்லை என்றால், நரம்புக் கடத்தல் சோதனையை மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.